துப்பாக்கி எங்க தூங்கணும்?

போன பாராளுமன்ற எலெக்ஷனை அறிவிச்சது 2024 மார்ச் 16. அடுத்த ரெண்டே நாள்ல ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துருச்சு, "துப்பாக்கியக் கொண்டாந்து ஒப்படைச்சிருங்க"ன்னு. ஓட்டு எண்ணினது ஜூன் 4. நடுவுல 80 நாள். மாசிப் பட்டத்துக் கடலை காய் பிடிச்சு முத்துறதும் சரியா அந்த 80 நாளுக்குள்ளதான். பன்னிக்கு எலெக்ஷன் தெரியாதுங்க.

துப்பாக்கின்னதும் சினிமாவுல வர்ற மாதிரி நினைச்சுக்காதீங்க. எங்க அப்பாரு காலத்து ஒத்தக் குழல். குழலோட வாய் வழியா கருமருந்து போட்டு, கம்பியால இடிச்சு, பின்னாடி காம்பு மேல ஒரு சின்னச் செப்புத் தொப்பிய மாட்டணும். அதைக் கேப்புன்னு சொல்லுவோம். விசைய அமுக்கினா சுத்தியல் அந்தக் கேப்பு மேல அடிக்கும், வெடிக்கும். ஒரு தடவை சுட்டா மறுபடி கெட்டிக்கிறதுக்குள்ள பன்னி பக்கத்து ஊருக்கே போயிரும். அதுவும் பன்னியச் சுட எங்களுக்கு அனுமதி இல்ல, 1972-ஆம் வருசத்து வனவிலங்குச் சட்டம் இருக்கு. வானத்தப் பாத்து ஒரு வேட்டு, அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு வேட்டுக்கு ராத்திரி ரெண்டு மணி நேரமாவது கூட்டம் அண்டாது.

இந்த மாதிரித் துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தனியாவே இடம் வச்சிருக்கு. அதோட 13-ஆம் பிரிவுல பயிர்ப் பாதுகாப்புன்னு வார்த்தையே வருது. அதுக்கு முன்னாடி இருந்தது லிட்டன் பிரபு கொண்டாந்த 1878-ஆம் வருசத்துச் சட்டம். வெள்ளைக்காரனுக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்மாளுக்கு வேணும்னு இருந்த சட்டம். குடகுக்காரங்களுக்கு மட்டும் அப்ப கிடைச்ச விலக்கு இன்னைக்கும் ஓடிட்டிருக்கு.

துப்பாக்கிய ஒப்படைச்சிட்டு ரசீதுக்காக ஸ்டேஷன் வேப்பமரத்தடியில ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். பக்கத்துல இன்னொருத்தர், வக்கீலாட்டம் இருந்தார். "எதுக்குங்க தேர்தலுக்கு மட்டும்? எப்பவுமே ஒரு இடத்துல வாங்கி வச்சுக்கிட்டு, வேணும்கிறப்பக் குடுத்தா வம்பே இல்லியே"ன்னார். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. வேணும்கிறப்பன்னா எப்ப? ராத்திரி ஒரு மணிக்கா? ஆனா அவர் சொன்னதைச் சும்மா தள்ளவும் முடியல. வீட்டுக்கு வந்து இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். இதே கேள்விய ரெண்டு நாடு பாராளுமன்றம், பொது ஓட்டுன்னு போய்க் கேட்டிருக்கு.

முதல்ல பிரிட்டன். 1996 மார்ச் 13. ஸ்காட்லாந்துல டன்பிளேன்னு ஒரு சின்ன ஊர். அங்க ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குள்ள ஒருத்தன் நாலு கைத்துப்பாக்கியோட நுழைஞ்சு 16 குழந்தைங்களையும் ஒரு டீச்சரையும் கொன்னுட்டு, தானும் செத்தான். நாலுமே லைசென்ஸ் வாங்கினது. வீட்டுல வச்சிருந்தது.

விசாரிக்க லார்டு கல்லன்னு ஒரு நீதிபதியப் போட்டாங்க. அதே வருசம் அக்டோபர்ல அவரோட அறிக்கை வெளியாச்சு. அவர் சொன்ன வழிதான் என்னை நிமிந்து உக்கார வச்சுது. துப்பாக்கி வீட்டுலயே இருக்கட்டும். ஆனா அதோட முக்கியமான ஒரு பாகத்தக் கழட்டி, சுடும் கிளப்புல வச்சிருக்கணும். பிஸ்டலா இருந்தா மேல சறுக்குற பாகம், ரிவால்வரா இருந்தா குண்டு நிரப்புற உருளை. இல்லேன்னா கிளப்புக்காரர் குழலுக்குள்ள ஒரு பூட்டுக் கட்டையப் போட்டுக் குடுக்கணும். விளையாட்டுக்குச் சுடுறவன் கிளப்புல சுடட்டும், வீட்டுல இருக்கிறது வெறும் இரும்பு. இது சரிப்பட்டு வராதுன்னா, தனியாள் கையில அந்தத் துப்பாக்கியே வேண்டாம்னு தடை போடுங்கன்னும் எழுதியிருந்தார்.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம்.

எங்க வீட்டுல துப்பாக்கி அட்டாலியில கிடக்கும். மருந்து டப்பா நெல்லுக் குதிருக்குப் பின்னாடி. கேப்பு மட்டும் அப்பத்தாவோட சுருக்குப் பையில, வெத்தலை பாக்கோட. யாரும் அவுங்களுக்குச் சொல்லிக் குடுக்கல. அப்பாரு காவலுக்குக் கிளம்புறப்ப எண்ணி மூணு கேப்பு குடுப்பாங்க, காலையில மிச்சத்த எண்ணி வாங்கிக்குவாங்க. நான் அஞ்சாவது படிக்கிறப்ப ஒரு நாள் வரப்புத் தகராறு. பங்காளி மகன் எங்க அய்யனக் கை நீட்டி அடிச்சுட்டான். அய்யன் வீட்டுக்கு ஓடியாந்து ஏணி கூட வைக்காம அட்டாலியில ஏறித் துப்பாக்கிய எடுத்துட்டார். மருந்தும் கெட்டிச்சுட்டார். கேப்பு இல்ல. அப்பத்தா அந்தியூர்ச் சந்தைக்குப் போயிருந்தாங்க. அய்யன் துப்பாக்கியக் கையில வச்சுக்கிட்டே திண்ணையில உக்காந்திருந்தார். சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுல அப்பத்தா வந்து இறங்குறப்ப அவர் அழுதுட்டிருந்தார்.  என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதே அந்தப் பங்காளி மகன்தான்.

சரி, பிரிட்டனுக்கு வர்றேன். கல்லன் சொன்ன பாகம் கழட்டுற யோசனைய அரசாங்கம் ஏத்துக்கல, நடைமுறைக்கு ஒத்து வராதுன்னுட்டாங்க. ஜான் மேஜர் அரசாங்கம் 1997 தொடக்கத்துல ஒரு சட்டம் போட்டுச்சு. பாயிண்ட் 22 அளவுக்கு மேல இருக்கிற கைத்துப்பாக்கிக்குத் தடை. பாயிண்ட் 22 இருக்கலாம், ஆனா வீட்டுல கூடாது, லைசென்ஸ் வாங்கின கிளப்புக்குள்ளயேதான் வைக்கணும். அது நிலைக்கிறதுக்குள்ள மே மாசம் தேர்தல். டோனி பிளேர் வந்தார், வருசக் கடைசியில இன்னொரு சட்டம், பாயிண்ட் 22-உம் போச்சு. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்க்காரங்க ஏழு லட்சம் கையெழுத்துக்கு மேல வாங்கி வச்சிருந்தாங்க. அவங்ககிட்டப் போய் "கிளப்புல பூட்டு இருக்கு"ன்னு யார் சொல்ல முடியும்? விவசாயிங்க வச்சிருக்கிற ஷாட்கன் மட்டும் தப்பிச்சுது. லைசென்ஸோட இன்னைக்கும் அது வீட்டுலதான், பூட்டின பெட்டிக்குள்ள இருக்கு.

சுவிட்சர்லாந்து கதை வேற. அங்க ஆம்பளைங்க கட்டாயம் பட்டாளப் பயிற்சி எடுக்கணும், பணிக்காலம் முடியிற வரைக்கும் பட்டாளத்து ரைபிள் வீட்டுலயே இருக்கும். ஊர் ஊருக்கு 300 மீட்டர் சுடும் திடல் உண்டு, வருசா வருசம் போய்ச் சுட்டுக் காட்டணும். முன்னெல்லாம் ரைபிளோட 50 குண்டையும் ஒரு தகர டப்பாவுல சீல் வச்சுக் குடுத்து அனுப்புவாங்க. 2007-ல அந்த டப்பாவத் திருப்பி வாங்கிக்கிறதுன்னு முடிவு பண்ணினாங்க. பாத்தீங்களா, இது அப்பத்தா வழி. துப்பாக்கி வீட்டுல, கேப்பு வேற இடத்துல. அது பத்தாது, ரைபிளும் பட்டாளக் கிடங்குலயே இருக்கட்டும்னு 2011 பிப்ரவரி 13-ல நாடே ஓட்டுப் போட்டுச்சு. 56.3 சதவீதம் பேர் வேண்டாம்னுட்டாங்க. ஜெனீவா, பேசல் மாதிரி நகரத்துக்காரங்க வேணும்னாங்க, கிராமத்துப் பக்கம் வேண்டாம்னாங்க.

கிடங்கு வேணும்னு கேட்டவங்கள்ல டாக்டருங்களும் இருந்தாங்க. அவங்க பயந்தது அடுத்தவனச் சுடுறதப் பத்தி மட்டும் இல்ல. மனசு ஒடிஞ்ச ஒரு ராத்திரியில வீட்டுலயே கைக்கெட்டுற தூரத்துல ஒண்ணு இருக்கே, அதப் பத்தி.

இங்கதான் நான் படிக்கிறத நிறுத்திட்டேன். நம்ம ஊர்ல அது துப்பாக்கி இல்லீங்க, பூச்சி மருந்து. எத்தனை வீடுன்னு உங்களுக்கே தெரியும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் ரெண்டு கிராமத்துல இதுக்காகவே ஒரு சோதனை பண்ணியிருக்காங்க. சென்னையில சிநேகா அமைப்பு நடத்துற டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு செஞ்சது. ஊருக்குப் பொதுவா ஒரு கட்டடம், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி, மருந்து வீட்டுக்குப் போகாது. அடிக்கிற அன்னைக்கு எடுத்துக்கணும், மிச்சத்தத் திருப்பி வைக்கணும். விவசாயிங்க ஒத்துக்கிட்டுப் பயன்படுத்தினாங்கன்னும், பக்கத்துல அப்படிக் கட்டடம் இல்லாத ஊர்களை விட அங்க தற்கொலை குறைஞ்சதுன்னும் 2013-ல எழுதியிருக்காங்க. சின்னச் சோதனைதான், ஆனா சுவிட்சர்லாந்துக்காரன் ரைபிளுக்குக் கேட்ட கிடங்க இவங்க மோனோகுரோட்டோபாஸுக்குக் கட்டிப் பாத்துட்டாங்க.

மருந்துக்கு அது சரின்னு நான் ஒத்துக்கிறேன். என்னைக்கு அடிக்கப் போறோம்னு முந்தின நாளே தெரியும். விளையாட்டுத் துப்பாக்கிக்கும் சரி, சுடுற இடமே கிளப்புதான். பன்னி வர்ற நேரம் எனக்கெப்படித் தெரியும்? ஸ்டேஷன்ல இருக்கிற என் துப்பாக்கி காவலுக்கு ஆகாது. அட்டாலியில கேப்போட இருக்கிற துப்பாக்கிய நினைச்சா, திண்ணையில உக்காந்திருந்த அய்யன் மூஞ்சி வருது.

அந்த 80 நாள்ல அரை ஏக்கர் கடலை போச்சு. ஜூன் பத்தாந்தேதி போய்த் துப்பாக்கிய வாங்கிட்டு வந்தேன். வர்ற வழியில ஒரு சின்ன இரும்புப் பொட்டி வாங்கினேன். கேப்பை அதுல போட்டுப் பூட்டி, சாவிய என் சம்சாரத்துகிட்டக் குடுத்தேன். "எண்ணித்தான் குடுப்பேன்"னா. அப்பத்தா செத்தப்ப இவ இந்த வீட்டுக்கு வந்திருக்கவே இல்ல.