மேலவையின் கடைசித் தலைவர்: சிலம்புச் செல்வர் ம.பொ.சி.

நம் சங்க விழாக்களில் ம.பொ.சிவஞானம் என்ற பெயர் வந்தால், “திருத்தணியை மீட்டவர், ‘கப்பலோட்டிய தமிழன்’ எழுதியவர்” என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சட்டமன்றத்தின் ஏதாவது ஒரு அவையில் உட்கார்ந்திருந்தவர். கடைசியில் ஒரு அவைக்கே தலைவராக இருந்தவர். அந்தக் கதையை யாரும் விரிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. நான் பள்ளியிறுதியோடு படிப்பை விட்டுவிட்டுக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன். ம.பொ.சி. படித்ததோ மூன்றாம் வகுப்பு வரைதான்.

1906-ம் ஆண்டு ஜூன் 26-ல் சென்னையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வறுமை பள்ளிக்கூடத்தை நிறுத்தியது. கூலி வேலை பார்த்தார். பிறகு டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் அச்சுக் கோக்கும் வேலைக்குப் போனார். எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய கைதான் பின்னால் அத்தனை நூல்களை எழுதியது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதாகி வேலூர் சிறைக்கும், அங்கிருந்து அமராவதி சிறைக்கும் கொண்டு போகப்பட்டார். அந்த அமராவதி, இப்போது நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. அங்கே உடம்பு மிகவும் கெட்டது. ஆனாலும் சிறைவாசம் அவருக்குச் சிலப்பதிகாரத்தைக் கொடுத்தது.

எங்கள் சமண வீடுகளில் இளங்கோவடிகளைச் சமணத் துறவி என்றே போற்றுவோம். கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துப் போகும் கவுந்தியடிகள் சமணப் பெண்துறவி. நாங்கள் அந்த நூலில் அறத்தைத் தேடிப் படித்தோம். ம.பொ.சி. அதில் தமிழகத்தின் வரைபடத்தைப் பார்த்தார். புகார், மதுரை, வஞ்சி என்று சோழ, பாண்டிய, சேர நாடு மூன்றையும் ஒரே கதையில் கட்டிய நூல் அல்லவா? ‘சிலம்புச் செல்வர்’ என்ற பட்டத்தை ரா.பி.சேதுப்பிள்ளை அவருக்குத் தந்தது சும்மா அல்ல. 1946 நவம்பரில் அவர் தொடங்கிய தமிழரசுக் கழகத்துக்கு வேர் இந்தப் படிப்புதான்.

1952-ல் அவர் சென்னை மாகாண மேலவை உறுப்பினர் ஆனார். ராஜாஜி நியமன உறுப்பினராக மேலவைக்குள் வந்து முதலமைச்சரானதும் அதே ஆண்டுதான். அந்த டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர்விட, ஆந்திர மாநிலம் உறுதியாயிற்று. சென்னை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. “தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்” என்ற முழக்கத்தோடு ம.பொ.சி. ஊர் ஊராகப் போனார். ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என்று 1953 மார்ச் 25-ல் நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்த பிறகுதான் சென்னை பிழைத்தது. அதே ஆண்டு திருத்தணிப் போராட்டத்தில் அவர் சிறைக்கும் போனார். ஒரு மேலவை உறுப்பினர், அவையில் பேசியது போதாது என்று தெருவில் இறங்கிக் கைதாவது சாதாரணக் காரியமா?

மும்பையில் இருக்கிற நமக்கு இந்தச் சங்கடம் புரியும். இந்த நகரம் மகாராஷ்டிரத்துக்கா குஜராத்துக்கா என்று நடந்த போராட்டத்தில் உயிர்விட்டவர்களின் நினைவாகத்தான் கோட்டைப் பகுதியில் ஹுதாத்மா சௌக் நிற்கிறது. திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல் தமிழகத்தோடு சேர்ந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, மே 1-ல், மகாராஷ்டிரம் பிறந்தது.

வியாபாரி என்ற முறையில் வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய நூல்கள் தமிழகத்தின் வட எல்லையாகச் சொல்லும் வேங்கடம் கிடைக்கவில்லை. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. இன்னொன்று, 1953-ல் ராஜாஜி கிராமப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு, மீதி நேரம் குடும்பத் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது, ‘குலக்கல்வி’ என்று நாடே எதிர்த்தது. ஆதரித்த சிலரில் ம.பொ.சி.யும் ஒருவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை இழந்தவர், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் குறைவதை எப்படி ஒப்புக்கொண்டார்? பள்ளிக்கு வெளியே கற்ற தன் அனுபவத்தையே அவர் அதிகம் நம்பிவிட்டாரோ என்று நினைக்கிறேன். நானும் அப்படிக் கற்றவன்தான். ஆனால் என் பிள்ளைகளை முழுநாள் பள்ளிக்குத்தானே அனுப்பினேன்!

1967-ல் தி.மு.க. அணியில் நின்று தியாகராய நகரிலிருந்து பேரவைக்கு வந்தார். ‘தமிழ்நாடு’ என்று பெயர் மாற்றும் தீர்மானம் அந்த ஆண்டு ஜூலை 18-ல் நிறைவேறியபோது அவர் அவைக்குள் இருந்தார். இதே கோரிக்கைக்காகச் சங்கரலிங்கனார் 1956-ல் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டதை நினைத்தால், அந்த நாளின் கனம் தெரியும். 1972-ல் மேலவைத் துணைத் தலைவர், 1978-ல் தலைவர். துணைத் தலைவரானது தி.மு.க. ஆட்சியில், தலைவரானது எம்.ஜி.ஆர். ஆட்சியில். காங்கிரஸ், தமிழரசுக் கழகம், பிறகு இரண்டு கழகங்களோடும் உறவு. பதவிக்காக மாறினார் என்று ஏசியவர்கள் உண்டு. ஆனால் தமிழ், எல்லை, மாநில உரிமை என்ற அவருடைய மூன்று பேச்சும் எந்த அணியிலும் மாறவில்லை.

இங்கேதான் எனக்குப் பிடித்த வேடிக்கை இருக்கிறது. மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்கள் பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பவை. இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு. அந்தப் பட்டதாரித் தொகுதியில் ஓட்டுப் போடவே ம.பொ.சி.க்கு உரிமை கிடையாது. ஆனால் அந்தத் தொகுதியிலிருந்து வந்தவர்கள் பேச எழுந்தால், அனுமதி தர வேண்டியவர் அவர்தான்! எட்டு ஆண்டுகள் அப்படி நடந்தது.

1986-ல் ஒரு நியமனத்தையொட்டிச் சர்ச்சை எழுந்து, மேலவையே வேண்டாம் என்று மே 14-ல் பேரவை தீர்மானம் போட்டது. அரசியல் சட்டத்தின் 169-வது பிரிவைப் பாருங்கள்: மேலவையை எடுத்துவிடப் பேரவையின் தீர்மானமும் நாடாளுமன்றத்தின் சட்டமும் போதும். மேலவையை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. எண்பது வயதுத் தலைவர் தன் அவை மூடப்படுவதைப் பார்த்திருக்க வேண்டியதுதான். மூடிய நாள் 1986 நவம்பர் 1. மொழிவழி மாநிலங்கள் அமைந்ததும் நவம்பர் 1 தான், 1956-ல். எந்த நாளுக்காகப் பாடுபட்டாரோ, அதே தேதியில் அவருடைய பதவியும் முடிந்தது. 1995 அக்டோபர் 3-ல் காலமானார். மேலவையைத் திரும்பக் கொண்டுவரப் பல முயற்சிகள் நடந்தன. 2010-ல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. ஆனால் அவை கூடவில்லை. எனவே அவரே கடைசித் தலைவர்.

தமிழ்நாட்டில் மறைந்த மேலவை இங்கே மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. மும்பைக்குப் பட்டதாரித் தொகுதியும் உண்டு. சாதாரண வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதாது. தனியாக மனுக் கொடுத்துப் பதிய வேண்டும். நம் சங்கத்துக் குடும்பங்களில் பட்டதாரி இல்லாத வீடே அபூர்வம். அவர்களில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று விசாரித்தேன். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு ஓட்டு இருப்பதே தெரியவில்லை. அந்த ஓட்டு இல்லாத மனிதர் ஒருவர் அவைக்கே தலைவரானார். ஓட்டு உள்ள நாம் ஒரு மனுவாவது எழுதிப் போடலாமே.