மலைச்சாலையில் இரண்டு லேண்ட் ரோவர்கள்: ஒரு வரலாற்று ஒப்பீடு



கேமரன் மலைக்கு வருவோர் தேயிலைச் சரிவுகளுக்கு அடுத்தபடியாக வியந்து நோக்குவது, அங்கு ஓடும் பழைய லேண்ட் ரோவர் வாகனங்களையே. ரிங்லெட் முதல் பிரிஞ்சாங் வரை காய்கறிக் கூடைகளைச் சுமந்து அவை ஏறி இறங்குகின்றன. அதே நிறுவனத்தின் புதிய டிஃபெண்டர் மிகுந்த ஆற்றலோடு இன்று உலகெங்கும் விற்பனையாகிறது. பாட்டனையும் பேரனையும் போன்ற இவ்விரண்டையும் ஒப்பிட்டால் நம் மக்களின் வரலாறும் உடன் விளங்கும்.

1885-இல் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை ஆய்வு செய்தார். 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ஒரே ஒரு நீராவி உருளையும் சில கோவேறு கழுதைகளும் தவிர, காட்டைத் திருத்தியதெல்லாம் மனிதக் கைகளே. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அச்சரிவுகளில் தேயிலையை வளர்த்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுத் தட்டுப்பாடு நிலவியது. எனவே ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ், உழவர்களுக்கான வாகனம் ஒன்றை அலுமினியக் கலவைத் தகடுகளால் உருவாக்கினார். 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானது. 1.6 லிட்டர் இயந்திரம். ஏறத்தாழ 50 குதிரைத்திறன். ஆயினும் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுத்ததால் சேற்றுச் சரிவிலும் அது ஏறியது. மலாயாவின் அவசரகாலத்தில் (1948–1960) பிரித்தானியப் படையும் இவ்வாகனத்தைப் பயன்படுத்தியது. அந்தப் பழைய மரபில் வந்த வாகனங்களின் உற்பத்தி 2016 ஜனவரி 29-ஆம் நாள் நிறைவுற்றது.

புதிய டிஃபெண்டர் 2019-இல் அறிமுகமானது. அதன் ‘ஆக்டா’ வகை 2024-இல் வெளிவந்தது. 4.4 லிட்டர், எட்டு உருளை இயந்திரம், 635 குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து 4 வினாடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. ஆற்றலில் பேரன் பாட்டனைப் பன்னிரண்டு மடங்கு விஞ்சி நிற்கிறான்.

ஆயினும் ஆற்றலை மட்டும் அளவுகோலாகக் கொள்வது முறையாகாது. பழைய வாகனத்தில் மறைபொருள் ஏதுமில்லை. தட்டையான தகடுகள், பட்டை வில்கள், எளிய இயந்திரம். மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். பட்டறையில் உதவிக்கு நிற்கும் இளைஞன், பள்ளிப்படிப்பு குறைவாயினும், பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுவிடலாம். புதிய வாகனத்தின் இயக்கமோ மின்னணுக் கட்டுப்பாட்டில் உள்ளது. கோளாறு எங்கே என்று அறியவே கணினி வேண்டும். கண் பார்த்துக் கை செய்த கல்வி மட்டும் இங்கே போதாது; கணிதமும் அறிவியலும் முறையாகப் பயின்றவருக்கே இக்கதவு திறக்கும்.

வரலாற்றின் மற்றொரு திருப்பத்தையும் காண்க. 2008-இல் லேண்ட் ரோவரை இந்தியாவின் டாடா நிறுவனம் வாங்கியது. 2024 செப்டம்பர் 28-ஆம் நாள் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் அதன் வாகன ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அது பழைய வட ஆர்க்காட்டுப் பகுதி. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் ஒன்று! உடலுழைப்பை மட்டுமே நம்பி மக்கள் கப்பலேறிய மண்ணில் இன்று நுண்தொழில் வேரூன்றுகிறது.

பெற்றோர்களே! பழைய லேண்ட் ரோவரைப் பழுதுபார்க்கத் தெரிந்த பெரியவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவரிடம் பிள்ளைகளை அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள். அவர் கைவசம் உள்ளது ஏட்டில் எழுதப்படாத கல்வி. ஆசிரியர்களே! அப்பிள்ளைகள் கொண்டுவரும் செய்திகளைக் கட்டுரையாக எழுதச் செய்து, நெம்புகோலையும் பல்சக்கரத்தையும் அதன்வழியே கற்பிக்கலாம். பாட்டனின் கைத்திறனும் பள்ளியின் அறிவியலும் ஒருங்கே வாய்த்த பிள்ளைக்கு எந்த மலைச்சாலையும் எட்டாத உயரமன்று.

சிந்திப்போம், செயல்படுவோம்.