முதலில் ஏரி, பிறகு ஊர்

கூரம் என்றதும் கூரத்தாழ்வானை நினைப்போம். அவ்வூர்ச் செப்பேட்டிலே, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் ஏரி அமைத்து, பாலாற்றிலிருந்து கால் வெட்டி நீர் கொணர்ந்த செய்தியும் உண்டு. ஏரி வெட்ட அரசன் போதும்; ஆண்டுதோறும் கரை காப்பவன் யார்? நாலு பேரை வைத்து வேலை வாங்கியே அறியாதவனிடம் அதை ஒப்படைக்கலாமா?

காஞ்சிக்குத் தெற்கே உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் இதற்கு விடை இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் சபையார் விதி வகுத்தார்கள். குடவோலையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. எனக்கென்னவோ, ஓலை எடுத்த பிறகு நடப்பதுதான் சுவையானது. 30 குடும்புகளுக்கு 30 பேர். அவர்களில் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பே செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்கள் என 12 பேருக்கே சம்வத்சர வாரியம். எஞ்சியவர்களில் 12 பேர் தோட்டத்துக்கு, 6 பேர் ஏரிக்கு. புதியவன் மடையும் மண்ணும் பார்த்துப் பழகட்டும், ஊர்ப் பொறுப்பு பிறகு என்பது ஏற்பாடு.

வயதையும் பாருங்கள். 919இல் 30 முதல் 60 வரை. 921இல் 35 முதல் 70 வரை! இரண்டாண்டுப் பட்டறிவு சபையாரை யோசிக்க வைத்திருக்கும் போலும்.

நிலமும் வேதக் கல்வியும் உள்ள அந்தணருக்கே இந்தப் பயிற்சி; மடை திறந்த உழவனின் ஓலை குடத்தில் விழுந்ததில்லை. விழுந்தவனுக்கும் 360 நாள்தான். கணக்குக் காட்டாமல் போனால் அவனோடு சிற்றப்பன், மாமனார், மைத்துனன், மருமகன் ஓலைகளுக்கும் குடத்தில் இடமில்லை. வீட்டிலேயே எத்தனை தணிக்கையாளர்கள்!