யார் தொலைத்தது?

புறநானூற்றின் 112ஆம் பாடலை 15 ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். மூவேந்தர் பறம்பு மலையை முற்றுகையிட்டார்கள், பாரி கொல்லப்பட்டான். அவன் மகளிர் போன மாத நிலவையும் இந்த மாத நிலவையும் அருகருகே வைத்து ஐந்தே அடியில் பாடினார்கள். பாடியவர்களின் பெயர் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "யாரும்மா தொலைச்சா?"

அன்று என்னிடம் பதில் இல்லை. வீட்டில் பாடலைத் திரும்பப் படித்தேன். அதில் இழந்தோம் என்ற சொல்லே இல்லை. குன்றை வேந்தர் 'கொண்டார்' என்கிறார்கள். தந்தை இல்லை என்கிறார்கள். சாவியைத் தொலைக்கிறோம், உறவை இழக்கிறோம், நகையைப் பறிகொடுக்கிறோம். தொலைத்தவளுக்குத் திட்டு விழும், இழந்தவளுக்காக ஒப்பாரி வைப்பார்கள். பறிகொடுத்தவளிடம்தான் பறித்தவன் யாரென்று கேட்பார்கள். அந்தப் பெண்கள் யாரும் கேட்குமுன்பே சொல்லிவிட்டார்கள். வேந்தருக்கு அவர்கள் கொடுக்கும் வெற்றி முரசு என்ற அடைமொழியில் எனக்குக் கேலிதான் கேட்கிறது.

சரி, பெயர்? கபிலர் அவர்களை மணம்முடித்து வைக்க விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துப்போனார். பாரியின் மகளிர், இனி என் மகளிர் என்று இருங்கோவேளிடம் அறிமுகம் செய்தார். அங்கும் பெயர் வரவில்லை. இருவரும் ஏற்கவுமில்லை. தொகுத்தவர்கள் பாட்டின் கீழ் 'பாரி மகளிர்' என்று எழுதினார்கள், 1894இல் உ.வே.சா. அச்சிட்ட பதிப்பிலும் அதுவேதான். ஏடு செல்லரித்துப் போன பெயரல்ல இது. குறிப்பு முழுசாக இருக்கிறது, அதில் தந்தை பெயர் இருக்கிறது. பெண்பெயரே எழுதாத காலமென்றும் சொல்ல முடியாது. ஒக்கூர் மாசாத்தியார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் எல்லாரும் தம் பெயரில்தான் நிற்கிறார்கள். தீப்பாயுமுன் பாடிய அரசியை மட்டும் பூதப்பாண்டியன் தேவி என்றுதான் குறித்தார்கள்.

அங்கவை, சங்கவை என்பவை பிற்கால மரபு சூட்டிய பெயர்கள். நானும் ஆசையாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். 2007இல் 'சிவாஜி' படம் அந்தப் பெயர்களை இரண்டு பெண்களுக்கு வைத்து, முகத்தில் கரியைப் பூசி, நிறத்தைச் சொல்லிச் சிரித்தது. அரங்கமும் சிரித்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயர்களை வகுப்பில் சொன்னாலே கிளுகிளுவென்று ஒரு சிரிப்பு எழும். இதை எந்த வினையில் எழுதுவது?

அடுத்த வகுப்பில் அந்த மாணவியிடம் சொன்னேன்: "தொலையலம்மா. யாரும் கேட்டு எழுதல." அவள் தலையசைத்துவிட்டு, குறிப்பேட்டில் 'தொலைந்தது' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தாள்.