சினம் போன வழி



வேலைக்காட்டில் ஏச்சு வாங்கியவன் அங்கே வாய் திறப்பதில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளையை அடிக்கிறான். கோபம் பிறந்த இடம் ஒன்று, விழுந்த இடம் வேறொன்று. இது நம் லயங்களில் பல தலைமுறையாக நடந்த கதை. அந்தக் கோபத்திற்கு நம் முன்னோர் வேறு வழி கண்ட வரலாற்றை இன்று பார்ப்போம்.

வெள்ளையர் காலத்தில், எதிரே துரை வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். எதிர்த்துப் பேசினால் வேலை போகும். வேலையோடு வீடும் போகும். அடக்கிய ஆத்திரத்தை ஆற்றிக்கொள்ளத் தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. ஆனால் கள் ஆத்திரத்தை ஆற்றவில்லை. சம்பளத்தைக் கரைத்தது; மனைவி மக்கள் மீது கையை ஓங்க வைத்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர் ஆர்.எச். நாதன். மனக்குமுறலை அவர்கள் கோரிக்கைகளாக வரிசைப்படுத்தினார்கள்: சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும், சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும். கோபத்தோடு எழுந்தவர்களே கள்ளை வேண்டாம் என்றார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைதானார். பிறகு நாடு கடத்தப்பட்டார். கொந்தளிப்பு பரவியது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். போராட்டம் அடக்கப்பட்டது, கோரிக்கைகள் மறையவில்லை.

போருக்குப் பின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை இயங்கியது. இளைஞர்கள் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். தங்கள் வேகத்தை ஒழுங்குக்கும் உடற்பயிற்சிக்கும் திருப்பினார்கள். அங்கும் போலீசாருடன் மோதல் நேர்ந்தது, உயிர்ச்சேதமும் உண்டு.

1954-இல் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். தனி ஒருவன் மனத்துக்குள் புழுங்கிய குறை, கூட்டத்தில் பேசப்பட்டது, தாளில் எழுதப்பட்டது, நிர்வாகத்தின் மேசைக்குப் போனது.

இதில் நம் குடும்பத்துக்கும் பாடம் உண்டு. கோபம் வந்தால், ‘யார் மேல் கோபம்? எதனால்?’ என்று முதலில் நம்மையே கேட்போம். சற்று நடந்துவிட்டு, முகம் கழுவி, மூச்சு நிதானமான பிறகு பேசுவோம். நம்பிக்கையான ஒருவரிடம் மனத்தைத் திறப்போம். வேலையிடத்துக் குறையை எழுதி, உரியவரிடம் கொண்டுசெல்வோம். குடித்துவிட்டு அதற்குத் தீர்வு தேட வேண்டாம்.

நியாயமான கோபம் தவறன்று. அநீதியைக் கண்டு நம் முன்னோர் சினந்ததால்தான் சங்கம் பிறந்தது. அந்தச் சினம் போய்ச் சேர வேண்டிய இடம் பேச்சு மேசை. பிள்ளையின் முதுகு அல்ல.