சென்னை நாடக அரங்குகளும் நம் ஊர்க் கூத்துக் களங்களும்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்த நம் முன்னோர், ஆடும் இடத்திற்கும் அளவு வகுத்தனர். அரங்கு 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதென்பதும், அதன்கண் மூவகை எழினிகள் அமைந்தனவென்பதும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையால் அறியப்படும். அம்மரபினராகிய நாம் நம் காலத்து அரங்குகளின் வரலாற்றை அறியாதிருத்தல் முறையன்று. ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களை உள்ளடக்கிய தொண்டைநாட்டில், கூத்திற்கெனக் கட்டடம் எழுப்புதல் வழக்கமன்று. திரௌபதியம்மன் கோயில் முன்றிலே அரங்கு. பகலிற் பாரதப் பிரசங்கம் நிகழும். இரவிற் கூத்து நிகழும். இருவர் பிடித்த திரையின் பின் வேடதாரி தோன்றுவான். முகவீணையும் மத்தளமும் முழங்கும். கட்டியங்காரன் நகைச்சுவை விளைப்பான். அருச்சுனன் தவத்திற்கு மரம் நாட்டுவர். துரியோதனன் படுகளத்திற்கு மண்ணால் உருச் செய்வர். விடியுமளவும் ஊரார் விழித்திருந்து காண்பர். நுழைவுச்சீட்டு என்பதொன்று அங்கில்லை.

1856ஆம் ஆண்டு இராயபுரத்தினின்று வாலாஜா வரை புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. ஆவடி வழியே சென்ற அப்பாதை நம்மவரைப் பட்டணத்தோடு பிணித்தது. பின்னர் 1873இல் எழுந்த சென்ட்ரல் நிலையத்தின் அருகே, 1880களில் விக்டோரியா பப்ளிக் ஹால் கட்டப்பெற்றது. 1891இல் பல்லாரி கிருஷ்ணமாசார்லு குழுவினரின் நாடகத்தைக் கண்டு ஊக்கமுற்ற பம்மல் சம்பந்த முதலியார், தம் 18ஆம் வயதில், நண்பர் சிலரோடு சுகுண விலாச சபையை நிறுவினார். 1893இல் அவர்தம் ‘புஷ்பவல்லி’ அம்மண்டபத்தில் அரங்கேறிற்று. ‘கூத்தாடி’ என்பது வசைமொழியாயிருந்த அக்காலத்தில், வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் வேடம் புனைந்து மேடையேறியது சிறிய செயலன்று. சபையை நிறுவியவரே பிற்காலத்தில் நீதிபதியாகவும் வீற்றிருந்தார்.

அப்பால் சினிமா வந்தது. மவுண்ட் ரோட்டில் 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டரும், 1914இல் ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி தியேட்டரும் எழுந்தன. முன்னது அஞ்சல் துறையின் கட்டடமாயிற்று, பின்னது இடிக்கப்பெற்றது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த விக்டோரியா மண்டபத்தைச் செப்பனிடும் பணியை 2023இல் மாநகராட்சி தொடங்கியது.

கற்கட்டடத்தைக் காக்க மாநகராட்சி உண்டு. கூத்துக் களத்தைக் காப்பவர் யாவர்? 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் எழுந்தன, பலர்க்கு வாழ்வு வந்தது, வெளிநிலங்களோ மனைகளாயின. கோயில் முன்றிலும் சுருங்குமாயின் கூத்திற்கு இடம் ஏது? 1977இல் ந. முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறையினர், புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் கூத்துப் பயின்றனர். நகரத்தார் தேடிச் சென்று கற்ற செல்வத்தை, அஃது உரியவராகிய நாம் இகழலாமோ?

ஆதலின் நம் சங்கத்து அன்பர்கட்கு விண்ணப்பம் இது: தத்தம் ஊர்க் கோயில் முன்றிலில் ஒரு சாண் நிலமும் ஆக்கிரமிக்கப்படாவாறு காமின், ஆண்டிற்கு ஓரிரவேனும் கூத்து நிகழ்த்துமின், பிள்ளைகளை முன்வரிசையில் இருத்துமின். கூத்தர்க்குக் கூலி கொடுப்பதோடமையாது, நம்மோடு ஒரு பந்தியில் அமர்த்தி உணவிடுமின். அரங்கு சிறப்பது அவையோரால் என்பதை மறவாதிருப்போமாக.