அகநீதியும் புறநியமமும்: எருசலேம் தீர்மானத்தின் இரத்த விலக்கும் அதன் பொருள்மாற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

யூத சமயம் சட்டத்தின் புறநியமங்களைப் பற்றி நின்றது, கிறித்தவம் உள்ளத்தின் நீதியை முன்னிறுத்தியது என்னும் எதிர்நிலை சமய வரலாறு கற்பிக்கும் இடங்களில் பரவலாக வழங்குகிறது. இக்கட்டுரை அவ்வெதிர்நிலையை ஒரேயொரு விதியின் வரலாற்றைக் கொண்டு சோதிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எருசலேமில் எடுக்கப்பட்டதாகத் ‘திருத்தூதர் பணிகள்’ கூறும் தீர்மானத்தில் இடம்பெற்ற இரத்த விலக்கே அவ்விதி. உணவு விதியாகத் தோன்றிய அது அறவிதியாகவும், பின்னர் காலங்கடந்த ஏற்பாடாகவும் பொருள் கொள்ளப்பட்டது. அகம், புறம் என்னும் எல்லை கிறித்தவத்தின் தொடக்கத்திலேயே வரையப்பட்டு முடிந்ததன்று என்பதும், சமூகச் சூழலுக்கேற்ப மீண்டும் மீண்டும் வரையப்பட்டது என்பதும் இதனால் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அகநீதி, புறநியமம், திருச்சட்டம், எருசலேம் தீர்மானம், இரத்த விலக்கு, பந்தி உறவு.

முன்னுரை

மறைநூல் அறிஞர், பரிசேயர் ஆகியோரின் நீதியினும் மேம்பட்ட நீதி சீடர்களுக்கு வேண்டும் என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு கூறுகிறார் (மத். 5:20). கொலையின் வேரைச் சினத்திலும், பிறன்மனை நயத்தலின் வேரை நோக்கிலும் காட்டும் பகுதி அதனைத் தொடர்கிறது. இப்பகுதியை அடிப்படையாகக் கொண்டே கிறித்தவத்தை ‘அகத்தின் சமயம்’ எனச் சுட்டும் வழக்கம் வலுப்பெற்றது. ஆயினும் அதே நற்செய்தி, புதினா, சீரகம் போன்றவற்றில் பத்திலொரு பங்கு செலுத்துவோரைக் கண்டிக்கும் இடத்தில், அச்செலுத்தலைக் கைவிடுமாறு கூறவில்லை. நீதி, இரக்கம், நம்பிக்கை ஆகியவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும், அவற்றையும் விடலாகாது என்றே கூறுகிறது (மத். 23:23). எனவே அகத்தை உயர்த்துவதும் புறத்தை விலக்குவதும் ஒன்றல்ல. முன்னது எப்போது, எவரால் பின்னதாக மாற்றப்பட்டது என்பது வரலாற்று வினா. பழைய தமிழ் விவிலியத்தில் ‘நியாயப்பிரமாணம்’ எனவும் பொது மொழிபெயர்ப்பில் ‘திருச்சட்டம்’ எனவும் வழங்குவதை இக்கட்டுரை திருச்சட்டம் என்றே குறிக்கிறது.

1. யூத மரபினுள் அகமும் புறமும்

உள்ளத்தின் தூய்மை குறித்த கோரிக்கை யூத மரபுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. இதயத்திற்கு விருத்தசேதனம் செய்ய வேண்டும் என்னும் உருவகம் இணைச்சட்ட நூலிலேயே இருமுறை வருகிறது (10:16; 30:6). எரேமியாவும் அதனைக் கையாள்கிறார் (4:4). பலியினும் இரக்கமே வேண்டற்பாலது என ஓசேயா உரைக்கிறார் (6:6). உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் அக விருத்தசேதனம் பற்றிப் பேசும்போது (2:29) இம்மரபின் சொல்லையே எடுத்தாள்கிறார்.

இரண்டையும் பிரிப்பது குறித்த விவாதமும் யூதருக்குள் நிகழ்ந்துள்ளது. பவுலின் காலத்தில் வாழ்ந்த அலெக்சாந்திரிய யூதச் சிந்தனையாளர் பிலோன், ஆபிரகாமின் இடப்பெயர்வு குறித்த தம் நூலில், சட்டங்களின் உட்பொருளை அறிந்துகொண்டதாலேயே அவற்றின் சொற்பொருளைக் கைவிடத் துணிந்தவர்களைக் கண்டிக்கிறார். விருத்தசேதனம் இச்சைகளைக் களைவதைக் குறிக்கிறது என்பதை அவரும் ஏற்கிறார். ஆயினும் புறநியமம் உடலை ஒத்தது, உட்பொருள் உயிரை ஒத்தது, உயிரின் உறைவிடமான உடலைப் பேணுவது போலச் சட்டத்தின் சொல்லையும் பேணல் வேண்டும் என்பது அவர் வாதம். ஆகவே அகம், புறம் பற்றிய பூசல் இரு சமயங்களுக்கிடையே எழுவதற்கு முன்பே ஒரு சமயத்தின் உள்விவாதமாக இருந்தது என்பது தெளிவு.

2. அந்தியோக்கியாவின் பந்தி

உரோமைச் சிரியாவின் தலைநகரான அந்தியோக்கியாவில் யூதர் பெருந்தொகையினராக வாழ்ந்தனர் என்றும், கிரேக்கர் பலர் அவர்களுடைய வழிபாட்டால் ஈர்க்கப்பட்டனர் என்றும் யோசேப்பு எழுதுகிறார். இயேசுவின் சீடர்கள் முதன்முதலில் ‘கிறித்தவர்’ எனப் பெயர்பெற்றதும் இந்நகரிலேயே (தி.ப. 11:26). இங்கு நிகழ்ந்த மோதலைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் பதிவு செய்கிறார் (2:11-14). பிற இனத்தாருடன் ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்தபின் விலகிக்கொண்டார். மற்ற யூதச் சீடர்களும், பவுலின் உடனுழைப்பாளரான பர்னபாவும் அவரைப் பின்பற்றினர். பவுல் அனைவர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார்.

இப்பதிவில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, பந்தியில் பரிமாறப்பட்ட உணவு எது என்பதைப் பவுல் சொல்லவில்லை. யார் யாருடன் அமர்ந்தனர், யார் எழுந்து சென்றனர் என்பதையே சொல்கிறார். இரண்டாவது, பேதுருவிடம் அவர் கண்ட குற்றம் புறநியமத்தைப் பேணியதன்று. தாம் பேணாத ஒன்றைப் பிற இனத்தார்மீது சுமத்தும் நிலையை உண்டாக்கியதே குற்றம். பந்தியிலிருந்து விலகுவது, விருத்தசேதனம் பெறாதவரை இரண்டாந்தர உறுப்பினராக்கும் செயலாக அவருக்குத் தோன்றியது. சமூக உறுப்புரிமையே இங்கு உண்மையில் பணயமாயிற்று. திருச்சட்டச் செயல்களால் அன்றி நம்பிக்கையால் நீதி என்னும் கோட்பாட்டைப் பவுல் இந்நிகழ்வைச் சொல்லி முடித்த இடத்திலேயே வகுத்துரைப்பது தற்செயலன்று (கலா. 2:15-16).

3. எருசலேம் தீர்மானம்

ஏறத்தாழக் கி.பி. 48 அல்லது 49ஐச் சார்ந்ததாகக் கருதப்படும் எருசலேம் கூட்டம் பற்றித் திருத்தூதர் பணிகள் 15ஆம் இயல் விரிவாகக் கூறுகிறது. பிற இனத்தார் விருத்தசேதனம் பெற வேண்டியதில்லை. ஆயினும் அவர்கள் சிலைகளுக்குப் படைத்தவை, பரத்தைமை, குரல்வளை நெரித்துக் கொன்ற விலங்கின் இறைச்சி, இரத்தம் ஆகிய நான்கையும் விலக்க வேண்டும். இஸ்ரயேலரிடையே தங்கிவாழும் அந்நியருக்கு லேவியர் நூல் (இயல்கள் 17, 18) விதிக்கும் விலக்குகளோடு இவை பெரிதும் ஒத்துள்ளன என்பதை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். அவ்வகையில் நோக்கின், இத்தீர்மானம் புறநியமத்தை நீக்கியதன்று. இரு இனத்தாரும் ஒன்றாக வாழ்வதற்குப் போதுமான புறநியமத்தின் அளவை வரையறுத்தது.

பவுலின் திருமுகங்களில் இத்தீர்மானம் எங்கும் சுட்டப்படவில்லை. ஏழைகளை நினைவில் கொள்ள வேண்டும் என்பதே எருசலேமில் தமக்கு வைக்கப்பட்ட வேண்டுகோள் என்கிறார் (கலா. 2:10). சிலைப்படையல் பற்றிக் கொரிந்தியருக்கு விளக்கும்போதும் அவர் தீர்மானத்தை மேற்கோளாகக் கொள்ளவில்லை. பிறருடைய மனச்சான்றுக்கு ஊறு நேராமையையே அளவுகோலாக்குகிறார் (1 கொரி. 8, 10). மாறாக, திருவெளிப்பாடு சிலைப்படையலை உண்போரைக் கடுமையாகச் சாடுகிறது (2:14, 20). இத்தகைய வேறுபாடுகள் தொடக்கக் காலத்திலேயே ஒருமித்த நிலைப்பாடு இல்லை என்பதைக் காட்டுகின்றன.

1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு 1883இல் பதிப்பிக்கப்பட்ட ‘திதாக்கே’ என்னும் தொன்மைக் கிறித்தவ நூல் மற்றொரு சான்று. வெளிவேடக்காரர் திங்களிலும் வியாழனிலும் நோன்பிருப்பதால் கிறித்தவர் புதனிலும் வெள்ளியிலும் நோன்பிருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. வெளிவேடத்தைக் கண்டிப்பதே நோக்கமாயினும், அங்கு மாறியது நோன்பின் நாளே.

4. ஒரே நகரில் இரு பொருள்

கி.பி. 177இல் கால்லியா நாட்டின் லியோன் நகரில் கிறித்தவர் கொடுந்துன்பத்திற்கு உள்ளாயினர். அந்நிகழ்வை விவரித்து ஆசியா, பிரிகியா சபைகளுக்கு விடுக்கப்பட்ட மடலை எவுசேபியு தம் திருச்சபை வரலாற்றில் பாதுகாத்துள்ளார். கிறித்தவர் குழந்தைகளைத் தின்கின்றனர் என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட பழிகளுள் ஒன்று. முதலில் நம்பிக்கையை மறுத்துவிட்ட பிப்லிஸ் என்னும் பெண், அப்பழியை உறுதிப்படுத்துமாறு வதைக்கப்பட்டபோது தெளிவுற்று, விலங்கின் இரத்தத்தைக்கூட உண்ண அனுமதியில்லாதவர்கள் குழந்தைகளை எவ்வாறு உண்பர் என்று வினவித் தம்மைக் கிறித்தவராக அறிக்கையிட்டார். எருசலேம் தீர்மானத்தை ஒத்த உணவு விலக்கு, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் மேற்கில் நடைமுறையில் இருந்தமைக்கு இது சான்று. அகத்தின் குற்றமின்மைக்குப் புறநியமமே இங்குச் சாட்சியாக நின்றது.

அதே லியோன் நகரின் ஆயராகப் பின்னர் பொறுப்பேற்ற இரனேயு எருசலேம் தீர்மானத்தை எடுத்துரைக்கிறார். இலத்தீன் மொழிபெயர்ப்பில் கிடைக்கும் அவ்விடத்தில் குரல்வளை நெரித்துக் கொன்றவை பற்றிய விலக்கு இல்லை. தமக்கு நேரக்கூடாது என எண்ணுவதைப் பிறருக்குச் செய்யலாகாது என்னும் அறவிதி சேர்ந்துள்ளது. இவ்வடிவமே பேசா சுவடியிலும் காணப்படுகிறது. ஏறத்தாழக் கி.பி. 400ஐச் சார்ந்த இக்கிரேக்க-இலத்தீன் சுவடி 1581இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு அளிக்கப்பட்டது. நெரித்துக் கொன்றவை நீங்கி அறவிதி சேர்ந்த நிலையில், எஞ்சிய ‘இரத்தம்’ என்னும் சொல்லைக் கொலை எனக் கொள்வது எளிதாகிறது. அப்போது தீர்மானம் சிலைவழிபாடு, பரத்தைமை, கொலை என்னும் மூன்று பெருங்குற்றங்களின் தொகுப்பாகிவிடுகிறது. எனினும் இவ்வாசகத்தை வழங்கிய சூழலில் உணவு விலக்கு மறைந்துவிடவில்லை என்பதற்குப் பிப்லிசின் சொல்லே சான்று.

5. தெர்த்துல்லியனும் அகுஸ்தீனும்

இவ்விரு பொருளும் ஓர் ஆசிரியரிடமே அமைந்ததைத் தெர்த்துல்லியனிடம் காணலாம். ஏறத்தாழக் கி.பி. 197இல் எழுதிய ‘தற்காப்புரை’யில், கிறித்தவரைச் சோதிக்க இரத்தம் நிறைத்த விலங்குக் குடலை அவர்முன் வைப்பதைச் சுட்டி, அவ்விலக்கைத் தம் சமூகத்தின் அறியப்பட்ட வழக்கமாகக் காட்டுகிறார். பின்னர் எழுதிய ‘கற்பொழுக்கம்’ பற்றிய நூலில், தீர்மானத்தின் இரத்த விலக்கை மனித இரத்தத்தைச் சிந்துவதன்மீதான விலக்காக விளக்குகிறார். முன்னதில் அவர் உரோமரின் பழியை எதிர்கொள்கிறார். பின்னதில் பெரும்பாவங்களுக்கு மன்னிப்பு வழங்கும் சபை அதிகாரத்தை மறுக்கிறார். எதிராளி மாறியபோது பொருளும் மாறியது.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வட ஆப்பிரிக்கச் சூழல் முற்றிலும் வேறுபட்டது. கி.பி. 400ஐ ஒட்டி மானிக்கேயரான பவுஸ்துவை மறுத்து அகுஸ்தீன் எழுதிய நூலில், யூதரும் பிற இனத்தாரும் இணைந்த காலத்திற்கு உகந்த எளிய நியமமாகத் தீர்மானத்தை விளக்குகிறார். தம் காலச் சபை பிற இனத்தாராலேயே நிரம்பியிருப்பதால், இரத்தம் வடிக்கப்படாத சிறு பறவையையோ முயலையோ உண்ணத் தயங்குவோர் அரியர் என்றும், அவர்களையும் பிறர் நகைக்கின்றனர் என்றும் எழுதுகிறார். வாய்க்குள் செல்வது மனிதரைத் தீட்டுப்படுத்தாது என்னும் நற்செய்திக் கூற்று இங்கு அவருக்குத் துணையாகிறது. ஆயின் அக்கூற்று பிப்லிசின் காலத்திலும் நற்செய்தியில் இருந்ததே. விதியைத் தளர்த்தியது புதியதொரு வசனம் அன்று. யூதச் சீடரோடு பகிர்ந்துகொள்ளும் பந்தி இல்லாமற்போனமையே அதனைத் தளர்த்தியது எனக் கருத இடமுண்டு.

6. கிழக்கும் மேற்கும்

கிழக்குத் திருச்சபை இவ்வழியில் செல்லவில்லை. கான்ஸ்டாண்டிநோபிளில் 692இல் கூடிய திருல்லோ பேரவையின் 67ஆம் விதி, இரத்தத்தை உணவாக்கும் குருவைப் பதவியிலிருந்தும் பொதுநிலையினரைத் திருச்சபை உறவிலிருந்தும் நீக்குமாறு ஆணையிட்டது. மேற்கில், காப்திக் திருச்சபையுடன் ஒன்றிணைவதற்காகப் புளோரன்ஸ் பேரவை 1442இல் வெளியிட்ட ஆணை, விலக்கின் காரணம் ஒழிந்தமையால் விலக்கும் ஒழிந்தது என்று அறிவித்தது. அகுஸ்தீனின் வரலாற்று விளக்கம் இவ்வாறு சபைச் சட்டத்தின் மொழியை எய்தியது.

அதே ஆணை விருத்தசேதனத்தையும் கண்டித்தது. எத்தியோப்பியத் திருச்சபையோ அவ்வழக்கத்தைத் தொடர்ந்தது. அது யூதச் சட்டப் பற்று என்னும் குற்றச்சாட்டை மறுத்துப் பேரரசர் கலாதேவோசு 1555இல் தம் நம்பிக்கை அறிக்கையை வெளியிட்டார். விருத்தசேதனம் தம் நாட்டில் சமய விதியன்று, நாட்டு வழக்கமே என்றும், இந்தியர் காது குத்திக்கொள்வதை ஒத்தது என்றும் அவர் வாதிட்டார். புறச்செயல் அப்படியே இருக்க, அதன் வகைப்பாடு மட்டும் மாற்றப்பட்டது.

முடிவுரை

எருசலேம் தீர்மானத்தின் இரத்த விலக்கு உணவு விதியாகவும், கொலை மறுப்பாகவும், காலத்திற்கேற்ற சலுகையாகவும், மாறாச் சபைச் சட்டமாகவும் பொருள் கொள்ளப்பட்டுள்ளது. எந்தக் கட்டத்திலும் அகநீதியை மறுத்தவர் எவருமில்லை. எந்தப் புறச்செயல் அதன் அடையாளம், எது அதற்கு இடையூறு என்பதிலேயே அவர்கள் வேறுபட்டனர். அவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் முடிவுசெய்தது, பந்தியில் உடன் அமர்ந்தவர் யார் என்னும் சூழல்.

ஆதலின் அகம் கிறித்தவத்திற்கு, புறம் யூதத்திற்கு எனப் பங்கிடும் வாய்பாட்டை வரலாற்றுச் சான்றுகள் ஏற்கவில்லை. அவ்வாய்பாடு பிலோனின் சமயத்திற்கும் நீதி செய்யவில்லை, பிப்லிசின் சாட்சியத்திற்கும் இடமளிக்கவில்லை. ‘புறநியமம்’ என்பது பெரும்பாலும் பிறருடைய நியமத்திற்கு இடப்படும் பெயராகவே இருந்துள்ளது. தமக்குரிய நியமத்தை எவரும் அப்பெயரால் அழைத்ததாகத் தெரியவில்லை. சமய ஒப்பாய்வு மேற்கொள்வோர் இப்பெயரீட்டின் பின்னுள்ள சமூக உறவை முதலில் வினவுதல் வேண்டும்.